மாஸ்கோ கோயிலும் மரச்சீனிக் கிழங்கும்

"துப்பிராதீரும் அத்தான்! முழுங்கவும் செய்யாதீரும்! அப்படியே வெச்சுக்கிட்டுச் சொல்லும்!"

கஸ்பார் கத்தினான். இஞ்ஞாசியால் திருப்பிக் கத்த முடியவில்லை. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய மரச்சீனிக் கிழங்குத் துண்டு ஒன்று அவன் வாய்க்குள் உட்கார்ந்திருந்தது. கண் பிதுங்கியது. மூக்கு வழியாக ஆவி வந்தது. கால்கள் தன்பாட்டுக்குக் குதித்துக்கொண்டிருந்தன.

"ஹவோ... ஹ... ஹ..."

"சபோர் வந்துட்டு," என்றான் தொபியாஸ். அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். "அடுத்தது வசீலியா. விடாதீரும் வேய்."

"ஆஹீயியா..."

"கிழங்குக்குச் சூடு பத்தல," என்றாள் வியாகுலம். சட்டிக்குள் கரண்டியை விட்டு இன்னும் சூடான துண்டைத் தேட ஆரம்பித்தாள்.

ஒரு மனுஷன் வெந்த மரவள்ளிக் கிழங்கை வாயில் வைத்துக்கொண்டு ஏன் இப்படிச் சாக வேண்டும் என்று கேட்டால், காரணம் ரஷ்யாவில் இருக்கிறது. மாஸ்கோ நகரத்தின் நடுவில், மிட்டாய்க் காகிதம் சுற்றின மாதிரி கலர் கலராகக் கோபுரம் வைத்த ஒரு பழைய கோயில். படத்தில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். பெயர் மட்டும் யார் வாயிலும் வராது. அந்தப் பெயர்தான் இப்போது இஞ்ஞாசியின் வாயில் வெந்துகொண்டிருந்தது.

அரைக்கிணத்துவிளை ஒரு கடற்கரை ஊர். அந்தப் பெயர் வந்த கதை சின்னது. முந்தின காலத்தில் ஊரார் கிணறு தோண்டும்போது, "போதும், நிறுத்துங்க, சாப்பிட்டுட்டு வருவோம்" என்று யாரோ சொன்னார்கள். நிறுத்தினார்கள். சாப்பிட்டுவிட்டும் வந்தார்கள். "இனி தோண்டுங்க" என்று யாரும் சொல்லவில்லை. அதனால் தோண்டவில்லை. கிணறு இன்றைக்கும் பாதியாகத்தான் இருக்கிறது. ஊரும் அப்படித்தான்.

அங்கே மிக்கேல் சம்மனசு கோயில் திருவிழாவுக்கு வருஷாவருஷம் பிளைவுட்டில் ஒரு முகப்பு வளைவு கட்டுவார்கள். ஒரு வருஷம் தாஜ்மகால், ஒரு வருஷம் ஈஃபில் கோபுரம். இந்த வருஷம், பக்கத்தில் மின்நிலைய வேலைக்கு வந்து குடும்பத்தோடு தங்கியிருக்கிற ரஷ்யக்காரர்கள் திருவிழா பார்க்க வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பங்குச் சாமியார் ரொசாரி சாமிக்குத் தலைகால் புரியவில்லை. "அப்போ இந்த வருஷம் மாஸ்கோ கோயில்தான்!" என்று அறிவித்துவிட்டார்.

வளைவு கட்டுவது இஞ்ஞாசியின் மச்சான் கஸ்பார். போர்டு எழுதுவது தொபியாஸ். எல்லாருக்கும் சாப்பாடு போடுவதும் ஏச்சு கொடுப்பதும் இஞ்ஞாசியின் அண்ணன் பெண்டாட்டி வியாகுலம். மைக் இஞ்ஞாசி.

மைக் என்றால் சும்மா இல்லை. இஞ்ஞாசிக்கு உயிர் இருப்பது நெஞ்சில் இல்லை, மைக்கில். அவன் தன் கல்யாணத்தில்கூட ஒரு கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இதோ கட்டுகிறேன், கட்டிக்கொண்டிருக்கிறேன், கட்டிவிட்டேன், அனைவரும் பந்திக்குப் போகலாம்" என்று அவனே அறிவித்தவன். அந்த மைக்குக்குத்தான் இப்போது ஆபத்து.

"இஞ்ஞாசி, கேட்டுக்கோ," என்று ரொசாரி சாமி சொல்லியிருந்தார். "அவங்க கோயில் பேரை அவங்க முன்னாலயே அவங்க சொல்லுத மாதிரி சொல்லணும். அர்த்தமும் சொல்லணும். சரியா சொன்னா மைக் ஒனக்கு. உளறினேன்னா அடுத்த வருஷத்துல இருந்து மேலவிளை செல்வின்."

மேலவிளை செல்வினுக்குச் சொந்தமாக வயரில்லாத மைக் இருந்தது. கழுத்தில் கைக்குட்டை கட்டியிருப்பான். "வணக்கம்" என்பதையே அவன் சொன்னால் நகைக்கடை விளம்பரம் மாதிரி இருக்கும். அவன் பெயரைக் கேட்ட உடனேயே இஞ்ஞாசி தன் மைக்கை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டான்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. அது ஊர்ச் சட்டம். மைக்கில் சொன்னது மைதானத்தில் இருக்க வேண்டும்.

இந்தச் சட்டம் வரக் காரணமே இஞ்ஞாசிதான். ஒரு வருஷம் "கண்ணைப் பறிக்கும் வாணவேடிக்கை உண்டு" என்று அறிவித்தான். வெடியெல்லாம் மழையில் நனைந்து நமுத்துப்போயிருந்தது. ஜனம் விடியும் வரை வானத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. அதோடு கமிட்டி கூடி இந்தச் சட்டத்தைப் போட்டது. அடுத்த வருஷம் அவன் வழக்கம்போல, "அலைகடலெனத் திரண்டு வந்திருக்கும் பக்தர்களே" என்று ஆரம்பித்தான். உடனே நாலு பேர் எழுந்து, "கடல் எங்கவே?" என்றார்கள். வேறு வழியில்லாமல் இரண்டு டிரம் கடல்தண்ணீர் கொண்டுவந்து மேடைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். "அலை?" என்று ஒருத்தர் கேட்டார். கஸ்பார் திருவிழா முடிகிற வரை டிரம்முக்குள் கையை விட்டு ஆட்டிக்கொண்டு நின்றான்.

ஆக, மாஸ்கோ கோயிலின் பெயரை மைக்கில் சொன்னால், பெயரில் என்னென்ன இருக்கிறதோ எல்லாம் மைதானத்திலும் இருந்தாக வேண்டும். யாருக்கும் இதில் சந்தேகம் வரவில்லை. சந்தேகம் வருகிற ஆட்கள் அந்த ஊரை விட்டு எப்போதோ போய்விட்டார்கள்.

பெயர் சொல்லிக் கொடுத்தது கிளாடிஸ் டீச்சர். ரஷ்யாவில் படித்துவிட்டு வந்து, இங்கே ரஷ்யக்காரர்களுக்கு மொழிபெயர்க்கிறவர். நேரில் வர நேரமில்லாததால் போனில் குரலைப் பதிந்து அனுப்பினார். இஞ்ஞாசி அதைத் தன் குழாய் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பான். மைக்செட்காரன் காதில் போனை வைத்துக் கேட்டால் தொழிலுக்கே அசிங்கம் என்பது அவன் கொள்கை. அதனால் டீச்சர் பாடம் நடத்தினால் ஊரே படித்தது.

"சபோர் வசீலியா பிளஷேன்னவா," என்றது ஸ்பீக்கர். தென்னைமரத்துக் காக்கா பறந்தது. "மறுபடி சொல்றேன். சபோர் வசீலியா பிளஷேன்னவா. நாக்கு மேல ஒட்டக் கூடாது. வாய்க்குள்ள சுடச்சுடக் கிழங்கு கிடக்குற மாதிரி நினைச்சுக்கிட்டுச் சொல்லுங்க, வந்துரும்."

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நினைச்சுக்கிட்டா?" என்றான் தொபியாஸ்.

"அதுதான் கஷ்டம்," என்றான் இஞ்ஞாசி.

"எதுக்கு நினைக்கணும் கொழுந்தனாரே? நம்மகிட்டதான் கிழங்கே கிடக்குல்லா," என்று வியாகுலம் சொன்னாள். இப்படித்தான் கிழங்கு வாய்க்குள் வந்தது.

டீச்சர் அடுத்து ஒன்று சொன்னார். "'ஷே' வர்ற இடத்துல நல்லா அழுத்தம் கொடுக்கணும்." அந்தப் பொறுப்பைக் கஸ்பார் எடுத்துக்கொண்டான். இஞ்ஞாசிக்குப் பின்னால் நின்று, 'ஷே' வரும்போது இரண்டு கையாலும் அவன் விலாவில் ஓர் அழுத்து. முதல் நாள் 'ஷே'வோடு கிழங்கும் வந்தது. அது போய் விழுந்த இடத்தில் நின்ற கோழி அதைத் தின்றுவிட்டு ஒரு மாதிரி குரலில் கூவியது. ரஷ்யக் குரல் என்றான் தொபியாஸ்.

கோபுரத்தைப் பற்றியும் டீச்சரைக் கேட்டார்கள். "மேல எல்லாம் வெங்காயம் மாதிரி இருக்கும்" என்றார்.

"சின்ன வெங்காயமா, பெரிய வெங்காயமா?" என்று கஸ்பார் கவலைப்பட்டான்.

"கோயிலுக்குல்லா? பெருசாத்தான் இருக்கும். சின்னது குழம்புக்கு," என்றாள் வியாகுலம்.

கஸ்பார் ஒரு பெரிய வெங்காயத்தை வாங்கி, கோபுரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க உரித்தான். தோல் போனது, இன்னொரு தோல். அதுவும் போனது, இன்னொன்று. கடைசியில் ஒன்றுமில்லை, கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது. "பெரிய சக்தி உள்ள கோயில் அத்தான்," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

இனிதான் அர்த்தம். இஞ்ஞாசி ஸ்பீக்கர் குழாயைச் சிலுவை நட்ட குருசடிப் பக்கம் திருப்பி வைத்தான். ஊரார் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"அந்தக் கோயிலுக்கு ரெண்டு பேர்," என்றது ஸ்பீக்கர். "அரசாங்கப் பேர் வேற. அதுக்கு, அகழி மேல இருக்குற மாதா அடைக்கலக் கோயில்னு அர்த்தம். கோட்டையைச் சுத்தி அகழி இருந்துச்சு, அதை ஒட்டிக் கட்டினது. அந்த அகழியை எப்பவோ மூடிட்டாங்க."

பதிவு அதோடு நின்றது. கூட்டத்தில் முனகல் எழும்பியது.

"அகழி வேணுமே," என்றான் தொபியாஸ்.

"தோண்டிருவோம்," என்றான் கஸ்பார்.

"அது மூடின அகழிடே. தொறந்து கிடந்தா தப்பாயிரும்."

"அப்போ தோண்டாம விட்டுருவோமா?"

இஞ்ஞாசி தலையில் கைவைத்து யோசித்தான். பிறகு நிதானமாகச் சொன்னான்: "தோண்டாம எப்படி மக்ளே மூட முடியும்?"

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். வளைவு நிற்க வேண்டிய இடத்தில் ஆளுயரத்துக்கு அகழி தோண்டினார்கள். மண்வெட்டி இரண்டு உடைந்தது. ஒரு ஆடு உள்ளே விழுந்தது, அதை ஏற்ற ஒருத்தன் இறங்கினான், அவனை ஏற்ற இன்னொருத்தன். தோண்டி முடித்ததும் எல்லாரும் கரையில் நின்று, "நல்ல அகழி" என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் மூடினார்கள். அதன் மேலேயே கஸ்பார் வளைவை நட்டான்.

ரொசாரி சாமி வந்து பார்த்தார். "இத்தனை ஆளு இத்தனை நாளு என்னடே செஞ்சியோ?"

"அகழி சாமி."

"எங்க?"

"மூடியாச்சு சாமி."

சாமி ஜெபமாலையைத் தேடிக்கொண்டு போனார்.

அடுத்த பதிவு வந்தபோதுதான் உண்மையான பிரச்சினை ஆரம்பித்தது. "ஜனங்க சொல்ற பேர்தான் நான் சொல்லிக் கொடுத்தது," என்றார் டீச்சர். "சபோர்னா பேராலயம். வசீலினு ஒரு ஆள். பிளஷேன்னினா பேறுபெற்றவர். ஆனா அந்த ஊர்ல அந்த வார்த்தையை, சாமிக்காக முட்டாள் வேஷம் போட்டுத் திரிஞ்ச புனிதர்களுக்குச் சொல்வாங்க. வசீலி பனியில வெறுங்காலோட, துணிகூட இல்லாம நடப்பாராம். ராஜாவையே மூஞ்சிக்கு நேரா திட்டுவாராம். ராஜா வேற யாருக்கும் பயப்பட மாட்டாரு, இவருக்கு மட்டும் பயப்படுவாரு. கோயிலைக் கட்டினது ராஜா. ஆனா ஜனங்க அந்த முட்டாள் பேரைத்தான் வெச்சாங்க."

"கட்டினவரு பேரை வெக்கலியா?" என்று தொபியாஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் போர்டு எழுதுகிறவன். நம்ம பக்கம் ஒரு குழாயடி கட்டினாலே கட்டினவர் பெயரை எவ்வளவு பெரிசாக எழுத வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். சில இடத்தில் பெயர் எழுதின கல் இருக்கும், குழாய் இருக்காது.

"கல்லுல போட மறந்திருப்பானுவ," என்றான் கஸ்பார்.

"அதை விடுங்கடே," என்றான் இஞ்ஞாசி. "அர்த்தத்தை மைக்குல சொல்லணும். சொன்னா மைதானத்துல இருக்கணும். முட்டாளுக்கு எங்க போறது?"

"நம்ம ஊர்ல ஆரும் இருக்கானா?" என்று தொபியாஸ் மெதுவாகக் கேட்டான்.

நாலு பேரும் வீடு வீடாக யோசித்துப் பார்த்தார்கள். வடக்குத் தெருவில் யாரும் இல்லை. தெற்குத் தெருவிலும் இல்லை.

"பாலையாவைச் சொல்லலாமா? வீட்டு ஓடு ஒழுகுதுன்னு வீட்டுக்குள்ள குடை பிடிச்சிட்டு உக்காந்திருக்கான்," என்றான் கஸ்பார்.

"அது புத்திசாலித்தனம்லா? நனையாமல்லா இருக்கான்," என்றாள் வியாகுலம். "நானே அப்படித்தான் சோறு பொங்குதேன்."

"அப்போ நம்ம ஊர்ல ஒரு முட்டாள்கூடக் கிடையாது," என்று இஞ்ஞாசி முடிவாகச் சொன்னான். அவனுக்குப் பெருமையும் துக்கமும் ஒன்றாக வந்தன. நல்ல ஊரில் பிறந்ததால் ஒருத்தனுக்கு மைக் போகப் போகிறது.

வேறு வழியில்லை, வெளியூரில்தான் தேட வேண்டும். நாலு பேரும் மேலவிளைக்குப் போனார்கள். அங்கே டீக்கடையில் கூட்டம். இஞ்ஞாசி கைகூப்பினான்.

"அண்ணாச்சி, திருவிழாவுக்கு ஒரு முட்டாள் தேவைப்படுது. உங்க ஊர்ல இருந்தா ஒரு நாளைக்கு அனுப்பி வெப்பியளா? பத்திரமாத் திருப்பி விட்டுருவோம்."

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டு நாலு பேரையும் ஒவ்வொருத்தராகப் பார்த்தார். "முழுசா நாலு பேரு வந்து நிக்கியோ. இன்னும் ஒண்ணு எதுக்குவே?"

"எங்களை விட்டுருங்க அண்ணாச்சி. நாங்க ஆளைத் தேடி வந்தவுங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் ஒருத்தர் வாயிலிருந்து வடை வெளியே வந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த செல்வின் கழுத்துக் கைக்குட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்தான்.

"இஞ்ஞாசி அண்ணே, எதுக்கு இந்தப் பாடு? அந்தக் கோயிலுக்கு இங்கிலீஷ்ல பேரு செயின்ட் பேசில்ஸ் கதீட்ரல். சொல்லிட்டு எறங்க வேண்டியதுதானே?" வாய்க்குள் ஒரு துளி எச்சில் இல்லாமல் வழவழவென்று சொன்னான்.

இஞ்ஞாசி தலையை ஆட்டினான். "அது வேற ஆளு தம்பி," என்றான். "நாங்க தேடுதது வசீலி."

நாலு பேரும் திரும்பினார்கள். ஊர் எல்லை வந்தபோது வியாகுலம் நின்றாள். "ஆளு இல்லேன்னா என்ன? ஆளுக்கு ஒரு எடம் போட்டு வெப்போம். பஸ்ஸுல லேடீஸ் சீட்டு இல்லியா? லேடீஸ் ஏறாட்டாலும் அது லேடீஸ் சீட்டுதானே?"

இஞ்ஞாசிக்கு அழுகையே வந்துவிட்டது. மதினி காலில் விழப் போனான். வியாகுலம் காலை இழுத்துக்கொண்டதால் ரோட்டில் விழுந்தான்.

மேடையில் நடுநாயகமாக ஒரு நாற்காலி போட்டார்கள். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை உட்காருகிற சிவப்பு வெல்வெட் நாற்காலி. அதன் முதுகுக்கு மேலே தொபியாஸ் தன் தொழில் காலத்திலேயே அழகான பலகையை எழுதி மாட்டினான்: "இந்த இருக்கை முட்டாளுக்கு மட்டும். மற்றவர்கள் அமர வேண்டாம்." வசீலி பனியில் நடந்தவர் என்பதால், மீன் ஏலக்கூடத்துக்கு வந்த ஐஸ் பாரில் நாலைந்து எடுத்து நாற்காலியின் காலடியில் அடுக்கினார்கள்.

திருவிழா அன்று சாயங்காலம் ரொசாரி சாமி மேடைக்கு வந்தார். நாற்காலியைப் பார்த்தார். பலகையைப் படித்தார். ஐஸைப் பார்த்தார். உட்கார வேண்டும் போல் இருந்தது, உட்காரவும் முடியவில்லை.

"இதுல ஆருடே உக்காரப் போறா?"

"ஆளைத் தேடிக்கிட்டிருக்கோம் சாமி," என்றான் இஞ்ஞாசி.

சாமிக்கு அதற்குள் ஆயிரம் வேலை. பந்தியில் சாம்பார் போதவில்லை, பேண்டுக்காரன் பாதியில் நிற்கிறான், ரஷ்யக்காரர்கள் வேன் வந்துவிட்டது. "ஆளும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கேட்டுக்கோ இஞ்ஞாசி. வட்டாரத் தலைவர் குமரேசபாண்டியன் வாராரு. அவரு வாரதுக்குள்ள ஆள் கிடைக்கலேன்னா, இந்த நாற்காலியையும் பலகையையும் தூக்கி உள்ள போட்டுரு. வெளங்குதா?"

"வெளங்குது சாமி."

"என்ன வெளங்குது?"

"தலைவரு வாரதுக்குள்ள ஆள் கிடைக்கலேன்னா தூக்கி உள்ள போடணும்."

ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னான். சாமி நிம்மதியாகப் போனார். பாவம், நல்ல மனுஷன்.

ரஷ்யக்காரர்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பெரியவர் தமாரா அம்மா, வெள்ளை முடி, பெரிய பூப்போட்ட சால்வை. பக்கத்தில் கிளாடிஸ் டீச்சர். மேடைக்குக் கீழே ஓரத்தில், கையில் வயரில்லாத மைக்கோடு செல்வின். எப்போது கூப்பிட்டாலும் ஏறத் தயாராக ஒரு காலைப் படியிலேயே வைத்திருந்தான்.

ஐஸ் உருகித் தண்ணீர் மேடையிலிருந்து வழிந்து, மூடின அகழியின் பொதுபொது மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மாஸ்கோ கோயில் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்தது. தொபியாஸ்தான் முதலில் பார்த்தான். ஓடிப்போய்க் கூட்டத்துக்கு நடுவில் நின்று, "எல்லாரும் தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ச்சுக்கிடுங்க, கோயில் நேரா தெரியும்," என்றான். ஊரே தலையைச் சாய்த்தது. கோயில் நேரானது. ரஷ்யக்காரர்கள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, இது இந்த ஊர் மரியாதை போலிருக்கிறது என்று அவர்களும் சாய்த்துக்கொண்டார்கள்.

நேரமாகிவிட்டது. இஞ்ஞாசி கிழங்கை வாயில் போட்டான். நாற்காலியைத் தூக்க அதன் கையில் கைவைத்தான்.

அப்போது பட்டாசு வெடித்தது. "வட்டாரத் தலைவர் வாழ்க" என்று கத்திக்கொண்டு ஒரு கூட்டம் உள்ளே புகுந்தது. அதன் நடுவில் கழுத்து தெரியாத மாலையோடு குமரேசபாண்டியன். கோயில் வளாகம் என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மேடை ஏறினார். மேடையில் அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். சிவப்பு வெல்வெட். கும்பிட்டபடியே கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து வந்தார். நாற்காலிக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய அவருக்கு முதுகில் கண் இல்லை.

"ஹ... ஹஹ... ஹா!" என்றான் இஞ்ஞாசி.

"இருக்கட்டும், இருக்கட்டும்," என்று அவன் தோளைத் தட்டிவிட்டுத் தலைவர் உட்கார்ந்தார். காலை ஐஸில் வைத்தார். "அடடா! கீழ இருந்தே ஏசி வெச்சிருக்காங்கப்பா!"

இஞ்ஞாசி நாற்காலியிலிருந்து கையை எடுத்தான். பலகையைப் பார்த்தான். தலைவரைப் பார்த்தான். வெறுங்கால். காலடியில் பனி. மறுபடியும் பலகையைப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. அதுவரை இருந்த பயமெல்லாம் போய்விட்டது. மைக்கைப் பிடித்தான்.

"சபோர் வசீலியா," என்றான். கிழங்கு நாக்கை மேலே ஒட்ட விடவில்லை. பின்னால் கஸ்பார் தயாராக இருந்தான். "பிளஷே..."

கஸ்பார் அழுத்தினான். கிழங்கு தொண்டைக்குள் இறங்கியது.

"...ன்னவா!"

தமாரா அம்மா எழுந்து நின்றுவிட்டார். கண் கலங்கியது. டீச்சரிடம் படபடவென்று என்னவோ சொன்னார். "எங்க ஊரு ரேடியோவில சொல்ற மாதிரியே சொல்றீங்களாம்," என்று டீச்சர் நம்ப முடியாமல் மொழிபெயர்த்தார். படியில் வைத்திருந்த காலைச் செல்வின் கீழே எடுத்தான்.

இனி அர்த்தம். இஞ்ஞாசிக்கு வாய் காலியாகிவிட்டதால் தடங்கலே இல்லை. "சபோர்னா பேராலயம், அதோ நிக்கி," என்றான். சாய்ந்த தலைகள் எல்லாம் சாய்ந்தபடியே பார்த்தன. "அரசாங்கப் பேருல ஒரு அகழி உண்டு. மூடின அகழி. வளைவுக்குக் கீழ இருக்கு, வேணும்னா தோண்டிப் பாத்துக்கிடலாம். பிளஷேன்னவான்னா..." பெருமையோடு கையை நீட்டி நாற்காலியைக் காட்டினான். "இதோ, நடுவுல அமர்ந்திருக்காவ."

கூட்டம் பலகையைப் படித்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள் கொஞ்சம் பிந்திச் சிரித்தார்கள். சட்டம் சரியாக நிறைவேறிய சந்தோஷத்தில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மேலவிளைக்காரர்கள்கூடத் தட்டினார்கள்.

தமாரா அம்மா பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். டீச்சர் வேர்த்துப்போய்ச் சொன்னார். அம்மாவுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அவர்கள் ஊரில் அது புனிதர் பெயர். மேடை ஏறி வந்து, தலைவர் முன்னால் குனிந்து வணங்கி, தன் சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்தினார்.

தலைவருக்குத் தாங்கவில்லை. மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"எத்தனையோ மேடை ஏறியிருக்கேன். எத்தனையோ நாற்காலியில உக்காந்திருக்கேன். ஆனா இந்த ஊர் மக்கள்தான் நான் யாருங்கிறதைச் சரியாகப் புரிஞ்சுக்கிட்டு எனக்குன்னே ஒரு இருக்கை போட்டிருக்கீங்க. இதுக்கு நான் தகுதியானவன்தானான்னு எனக்குத் தெரியல."

"தகுதிதான்! தகுதிதான்!" என்றது ஊர்.

"இந்த இருக்கைய ஒருநாளும் விட்டுக் கொடுக்க மாட்டேன்!"

வெடிக்காமல் கிடந்த பழைய வாணமெல்லாம் வெடித்த மாதிரி கைதட்டல். அந்தக் கைதட்டலிலேயே தலைவர், இஞ்ஞாசிதான் ஆயுசுக்கும் இந்த ஊர் மைக் என்று அறிவித்துவிட்டார். மைக்கில் சொன்னதால் இனி அதை யாரும் மாற்ற முடியாது. செல்வின் கழுத்துக் கைக்குட்டையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான்.

ரொசாரி சாமி அப்போதுதான் பந்தியிலிருந்து கையில் சாம்பார் வாளியோடு ஓடி வந்தார். நாற்காலியைப் பார்த்தார். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார். அவருக்கு மேலே இருந்த பலகையைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, இஞ்ஞாசியின் சட்டையைப் பிடித்து மேடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"பாவி! நான் என்னடே சொன்னேன்? நாற்காலியையும் பலகையையும் தூக்கி உள்ள போடச் சொன்னேம்லா? ஏன் போடல?"

இஞ்ஞாசி ஒன்றும் புரியாமல் சாமியைப் பார்த்தான்.

"ஆள் கிடைக்கலேன்னால்லா சாமி போடச் சொன்னியோ?"